அக்காவுக்கு வந்த பார்வை

கண் வார்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று என்னைக் கேட்டார்கள். சொட்டு மருந்து விடுவதும் கட்டுப் போடுவதும் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். என் காலத்தில் எனக்குச் சொல்லித் தந்ததைவிட நன்றாகவே சொல்லித் தந்திருப்பார்கள். ஆகவே எந்த வகுப்பிலும் வராத ஒன்றைச் சொல்கிறேன். பொறாமையைப் பற்றிச் சொல்கிறேன்.

நான் சொல்லச் சொல்ல உங்களில் ஒருத்திதான் இதை எழுதுகிறாள். எனக்கு இப்போது எழுத்து கண்ணுக்குத் தெரிவதில்லை. வலது கண் முழுதாகப் போய்விட்டது. இடது கண்ணில், சாவித்துவாரத்தில் எட்டிப் பார்ப்பது போல ஒரு சின்ன வட்டம் மிச்சம் இருக்கிறது. அதற்குள் ஒரு முகத்தைப் பிடிக்கலாம். இரண்டு முகம் பிடிக்காது. எழுதுகிறவளிடம் ஒன்றை மட்டும் கேட்டிருக்கிறேன்: நான் சொல்வதை நல்லபடியாக மாற்றி எழுதிவிடாதே.

பதுளையில் ஒரு சின்னக் கண் ஆஸ்பத்திரியில்தான் தாதியாக என் காலமெல்லாம் போனது. பசறை, லுணுகலை, தெமோதரைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்தும், கீழே மொனராகலையிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். பெரும்பாலும் கண்புரை. கையைப் பிடித்துக் கூட்டிவருவார்கள். மறுநாள் காலை கட்டை அவிழ்த்ததும் கையை உதறிவிட்டு நடப்பார்கள். அந்தக் காலை வேலைக்கு நான் யாரையும் விடமாட்டேன். ஒரு பெரியவர் கட்டு அவிழ்ந்ததும் தன் நகங்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கொழுந்தெடுக்கும் அம்மா ஜன்னல் சீலையில் இருந்த கிழிசலைக் கண்டுபிடித்து, "மிஸ்ஸி, ஊசி நூலு இருந்தா குடுங்க, இத தச்சுட்டு போறேன்" என்றார். தைத்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார். அன்றைக்கெல்லாம் எனக்குச் சோறு கூட இறங்காது, அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் எனக்கே வந்தது. புரை வரவில்லை, மற்றது வந்தது.

முதலில் மருந்துத் தள்ளுவண்டியின் விளிம்பில் இடுப்பை இடித்துக்கொண்டேன். பக்கத்தில் நிற்பவர் நீட்டும் பொருள் கண்ணில் படவில்லை. கவனக்குறைவு என்று நானே என்னைத் திட்டிக்கொண்டேன். எங்கள் டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண், என்னைவிட வயதில் மிகவும் சின்னவர். ஒருநாள் கிளினிக் முடிந்து ஆட்கள் போனபின் என்னைக் கூப்பிட்டார்.

"மிஸ், இதில ஒருக்கா இருங்கோ. பாப்பம்."

"எனக்கென்ன டொக்டர், கண்ணாடிய மாத்தினா சரியாயிரும்."

"ஓம், இருங்கோ."

பார்த்தார். திரும்பவும் பார்த்தார். பிறகு தன் நாற்காலியை இழுத்து எனக்கு நேராகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. கெட்ட சேதி சொல்லும்போது மட்டும்தான் அவர் நாற்காலியை இழுப்பார்.

"போனது திரும்பாது மிஸ். இருக்கிறதைப் பிடிச்சு வைக்கப் பாப்பம்" என்றார்.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு மெல்ல மெல்லச் சாகும் நோய். ஓசையில்லாமல் வரும், ஓரத்திலிருந்து தின்னும். இதே வசனத்தை அவர் நோயாளிகளுக்குச் சொல்லும்போது, அதைத் தோட்டத்துப் பேச்சில் திருப்பிச் சொல்வது நான்தான். "போனது வராதுங்க, மிச்சத்த காப்பாத்துவோம்." எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டிருக்கிறேன். அன்றைக்கு எனக்குப் பின்னால் கூப்பிட அடுத்த பெயர் இல்லை. நான் உட்கார்ந்தே இருந்தேன்.

மறுநாள் காலையும் கட்டு அவிழ்க்கப் போனேன். லுணுகலைப் பக்கத்து அம்மா ஒருவர் கண்ணைத் திறந்து, என் கன்னத்தைத் தடவி, "ராசாத்தி, உன் கண்ணு எவ்வளவு அழகா இருக்கு" என்றார். ஏதோ வேலை இருப்பது போல வெளியே வந்துவிட்டேன். சுவரோடு நின்றேன். அழுகை வரவில்லை. வந்தது வேறு. உனக்கு மட்டும் ஏன் வரவேண்டும் என்று அந்தப் பாவப்பட்ட அம்மாவைப் பார்த்துக் கேட்கத் தோன்றியது. சொட்டு மருந்தை ஒழுங்காக விடாதவர், கிளினிக்குக்கு வரச் சொன்ன நாளில் வராதவர், தூசி, புகை, வெயில் எதையும் பார்க்காதவர். அவருக்கு ஒரு காலையில் எல்லாம் திரும்பிவிட்டது. நான் ஒரு வேளை மருந்தும் தவறவிடாதவள். எனக்கு ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் போய்க்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் அப்படியே. அவர்கள் கும்பிடுவார்கள், என் கையை முத்தமிடுவார்கள். நான் சிரிப்பேன். உள்ளே எரியும்.

ஒருநாள் மழை இருட்டு. அலமாரி மூலையில் நின்று மருந்துக் குப்பியின் எழுத்தைப் பார்க்கிறேன், எழுத்து ஓடுகிறது. அந்தக் குப்பி எனக்கு மனப்பாடம். நிறம் தெரியும், மூடி தெரியும், இருக்கும் தட்டும் தெரியும். அது அதுவாகத்தான் இருக்கும் என்று மனசு சொன்னது. நான் குப்பியைத் திரும்ப வைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற சக தாதியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். அது அதுதான். ஆனாலும் அன்றே டொக்டரிடம் போய், இனி நான் மருந்து விடக்கூடாது, கட்டும் அவிழ்க்கக்கூடாது என்று சொன்னேன். பிள்ளைகளே, 'இருக்கும்' என்ற நினைப்பில் ஒருவர் கண்ணில் எதையும் ஊற்றாதீர்கள். இவ்வளவுதான் அதில் பாடம். என்னை கிளினிக்கில் பெயர் கூப்பிடும் மேசைக்கு மாற்றினார்கள். கட்டு அவிழ்க்கும் வேலை போனதில் எனக்குப் பாதி வருத்தம், பாதி ஆறுதல். அந்தச் சந்தோஷத்தை இனிக் கிட்ட நின்று பார்க்க வேண்டாம் அல்லவா!

இப்போது என் அக்கா எஸ்தரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அக்கா தெமோதரைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்தெடுத்து ஓய்ந்தவள். வரிசை வீடுகள் கட்டிய லயத்தில்தான் வீடு. என் வீட்டுக்காரர் இறந்து, மகன் கொழும்புக்கு வேலைக்குப் போனபின் நான் பதுளை டவுனில் தனியாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பஸ் ஏறித் தோட்டத்து சபைக்குப் போய், ஆராதனை முடிந்து அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருவேன். அக்காவுக்கு எதுவும் தானாக வரும். அவள் போட்ட பூச்செடி பூக்கும், என்னுடையது கருகும். அவள் பாடினால் சபையே சேர்ந்து பாடும். அவள் புருஷன் குடிக்காதவர். அவள் எதற்கும் கவலைப்பட்டதில்லை. கவலைப்படாமலே எல்லாம் நடந்தது. சின்ன வயதிலிருந்தே எனக்கு இது ஒரு முள்.

அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிவந்தேன். எனக்கு இருக்கும் நோய் கூடப்பிறந்தவர்களுக்கும் வரலாம் என்பதால் டொக்டர் அதையும் சேர்த்துச் சோதித்தார்.

"உங்கட அக்காவுக்கு அது இல்லை மிஸ். புரை மட்டும்தான். நல்லா வரும்."

"சந்தோஷம் டொக்டர்" என்றேன். "என்னுடையதை அவளிடம் சொல்லவேண்டாம்" என்றும் கேட்டுக்கொண்டேன்.

முதலில் ஒரு கண்ணுக்குச் செய்தார்கள். மறுநாள் காலை கட்டை வேறொருத்தி அவிழ்த்தாள். நான் கட்டில் பக்கத்தில் நின்றேன். அக்கா இமைகளைக் கொட்டினாள், சுற்றிப் பார்த்தாள், அவள் பார்வை என் முகத்தில் வந்து நின்றது.

"அடியே கிரேசு, ஏன்டி இப்புடி கெழவியா போயிட்ட?"

வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று மத்தியானம் கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஆண்டவரே, இவளுக்கா என்று கேட்டேன். வாய்விட்டே கேட்டேன். தினமும் முழங்காலில் நின்றவள் நான். அவள் ஜெபத்தில் பாதியில் தூங்கிவிடுகிறவள்.

அடுத்த ஞாயிறு சபையில் அக்கா சாட்சி சொல்வதாக ஏற்பாடு. ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் சொல்வதுதான் சாட்சி. நான் போகாமல் இருந்திருக்கலாம். போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள் என்பதற்காகவே போனேன்.

லயத்துக் கடைசியில் தகரக் கூரை போட்ட மண்டபம். இளம் போதகர். அக்கா புதுச் சேலை கட்டி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். ஆரம்பத்திலிருந்தே விவரமாகச் சொன்னாள். இருட்டில் இருந்தது, கர்த்தர் கை தொட்டது, கட்டு அவிழ்ந்தது. ஒவ்வொன்றுக்கும் சபை ஆமென் சொன்னது. என் பெயரை அவள் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவள், வரிசையில் நின்றவள், சாப்பாடு கட்டி வந்தவள் யாரும் அந்தச் சாட்சியில் இல்லை. அவளும் கர்த்தரும் மட்டும்தான். எனக்குக் காது சூடாகிவிட்டது.

அப்போதுதான் அவள் இதைச் சொன்னாள்:

"இப்ப சாத்தானும் சும்மா இல்லீங்க. நேத்து சாயங்காலத்துல இருந்து கண்ணு குத்துது. ராவெல்லாம் வலி. முந்தாநாளு மேமலையில நிக்குற ஒத்த மரம் எனக்கு பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு. இன்னைக்கு பனி மூடுன மாதிரி இருக்கு. ஆனா நான் பயப்படல. குடுத்தவரு பாத்துக்குவாரு!"

ஆமென் என்றார்கள்.

புரை எடுத்த கண்ணில் வலி குறைந்துகொண்டு வரவேண்டும், கூடக் கூடாது. பார்வை ஏறவேண்டும், இறங்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து தலைகீழாகப் போனால் உள்ளே கிருமி போயிருக்கலாம். அப்படியானால் அது மணிக்கணக்கில் கண்ணைத் தின்றுவிடும். இது உங்களுக்கும் தெரியும். படித்திருக்கிறீர்கள். நான் சொல்ல வந்தது, தெரிந்தபின் என் மனசுக்குள் நடந்தது.

முதலில் ஒரு நொடி, இப்போது இவளுக்கும் தெரியட்டும் என்று தோன்றியது. தோன்றியது உண்மை. அதை மறைத்தால் மற்றது உங்களுக்குப் புரியாது.

அடுத்த நொடி பயம் வந்தது. என் மேலேயே பயம். இவள் கண் கெட்டுப்போகிறது என்று எனக்குப் படுவது அறிகுறிகளாலா, இல்லை கெட்டுப்போகவேண்டும் என்று என் மனசு கேட்பதாலா? கண்ணைக் கிட்டப் போய்ப் பார்த்துச் சொல்லலாம் என்றால் என் கண்ணுக்குச் சிவப்பும் சரியாகத் தெரியாது. சபை நடுவில் எழுந்து, கூடப்பிறந்தவளின் சாட்சியை நிறுத்தி, அது ஒன்றுமில்லை என்றாகிவிட்டால்? தங்கச்சிக்குப் பொறுக்கவில்லை என்பார்கள். சொல்பவர்கள் பொய் சொல்லியிருக்கவும் மாட்டார்கள்.

அப்போது நான் ஒன்று செய்தேன். முன்னால் நின்றவளை அக்கா என்று நினைப்பதை நிறுத்தினேன். பசறையிலிருந்து யாரோ ஒரு அம்மா மேசைக்கு வந்து, 'மிஸ்ஸி, வலி கூடுது, பார்வை மங்குது' என்று இதே சொற்களைச் சொன்னால் என்ன செய்வேன்? யோசிக்கவே மாட்டேன். கையைப் பிடித்து நேரே டொக்டரிடம் கொண்டுபோவேன்.

எழுந்தேன். "அக்கா, போதும். கண்ணாடிய போடு. ஆஸ்பத்திரிக்கு போகணும்."

போதகர் மெதுவாக, "கிரேஸ் அக்கா, சாட்சி முடியட்டுமே. ஜெபம் பண்ணிட்டு மத்தியானத்துக்கு மேல போனா பத்தாதா?" என்றார்.

"பத்தாதுங்க ஐயா. நீங்க ஜெபத்த இங்க பண்ணுங்க. நாங்க போற வழியில பண்ணிக்கிறோம்."

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எல்லாரும் கேட்டுக்குங்க. சின்னப் புள்ளையில இருந்தே இவ இப்புடித்தான். எனக்கு பார்வை வந்தது இவளுக்கு பொறுக்கல!"

எல்லோரும் என்னைப் பார்த்திருப்பார்கள். எனக்கு நடுவில் அக்கா மட்டும்தான் தெரிந்தாள், அதுவும் அரைகுறையாக.

"ஆமாக்கா" என்றேன். "பொறுக்கலதான். பொறுக்காமதான் சொல்றேன். வா."

அவள் என்னை ஆயிரம் தடவை அப்படிச் சொல்லியிருப்பாள். நான் ஒரு தடவையும் ஒத்துக்கொண்டதில்லை. அவள் மலைத்து நின்ற அந்த இடைவெளியில் நான் போய் அவள் கையைப் பிடித்துவிட்டேன். போகிற வழியில் ஒரு பெஞ்சில் முழங்காலை இடித்துக்கொண்டதும் நினைவிருக்கிறது.

போதகரைக் குறை சொல்லமாட்டேன். அடுத்த நிமிஷமே சபையை மூத்தவர் ஒருவரிடம் விட்டுவிட்டு, தன் ஆட்டோவைக் கிளப்பிவிட்டார்.

வழியில் டொக்டருக்குப் போன் போட்டேன். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

"வலி கூடுது, பார்வை குறையுது. ரெண்டும்தானே?"

"ரெண்டும்தான்."

"வாங்கோ, நான் இப்ப வெளிக்கிடுறன். ஒப்பரேஷன் தியேட்டரை ஆயத்தப்படுத்தச் சொல்லுறன். அவவுக்குச் சாப்பிட ஒண்டும் குடுக்காதேங்கோ."

நிச்சயமா என்று அவர் ஒரு தடவையும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் அது எனக்கு எவ்வளவு பெரிய பலம் என்று சொல்ல முடியாது. நீங்களும் ஒரு நாள் இன்னொருத்தியின் பேச்சை நம்பி எழுந்துவர வேண்டியிருக்கும். வாருங்கள்.

போனை வைத்ததும் அக்கா கேட்டாள். கோபம் போய்ப் பயம் வந்திருந்தது. "கிரேசு, என் கண்ணு போயிருமாடி?"

"போகாது. நேரத்தோட போறோம்."

"உனக்கு எப்புடி தெரியும்?"

"கண்ணு போறது எப்புடின்னு எனக்கு தெரியும்கா. எனக்கு போய்க்கிட்டிருக்கு."

ஆட்டோ வளைவில் திரும்பியது. அவள் என் பக்கம் திரும்பிக்கொண்டாள் என்பது அவள் தோள் பட்டதில் தெரிந்தது.

"யாருக்குடி?"

"எனக்குத்தான். புரை இல்ல. இது வராது. போனது போனதுதான்."

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீ எனக்காக ஜெபம் பண்ணுவ. சத்தமா பண்ணுவ. எனக்கு அதுவும் பொறுக்காது."

முன்னால் இருந்த போதகர் ஆட்டோவை இன்னும் கொஞ்சம் வேகமாக ஓட்டினார்.

டொக்டர் எங்களுக்கு முன்பே வந்து நின்றார். கண்ணைப் பார்த்தார், உள்ளே கொண்டுபோனார். கிருமிதான். எப்படிப் போனதென்று யாருக்கும் தெரியாது. நன்றாகத் தெரிகிறதே என்று மலையிலிருந்து வரும் பீலித் தண்ணீரில் முகம் கழுவினேன் என்று அக்கா பிறகு சொன்னாள். அதுவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கண்ணுக்குள்ளேயே மருந்து ஏற்றினார்கள். வெளியே வந்தபோது டொக்டர் என் தோளில் கை வைத்து, "நாளைக்குக் கூட்டிக்கொண்டு வந்திருந்தால்…" என்று ஆரம்பித்து, முடிக்காமல் போய்விட்டார்.

தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரத்தைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

நோய் தெரிந்த நாளிலிருந்து நான் ஆண்டவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று, என் கண்ணை. நல்ல பிள்ளையாக இருந்து கேட்டேன். பொறாமை வந்தால் முதலில் அதைத் துடைத்துவிட்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டு, சுத்தமான மனசோடுதான் கேட்கவேண்டும் என்று நினைத்தேன். சுத்தமாகவே இல்லை. ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்பதே நின்றுபோயிருந்தது. முழங்காலில் நிற்பேன், வாய் அசையும், உள்ளே ஒன்றும் இருக்காது.

அந்தப் பெஞ்சில் துடைக்க நேரமில்லை. இருந்தபடியே சொன்னேன். 'ஆண்டவரே, எனக்கு அவள்மேல் பொறாமை. இப்போதும் இருக்கிறது. எனக்கு இல்லை என்று நீர் முடிவு செய்ததை அவளுக்குக் கொடுத்தீர். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கொடுத்ததைத் திரும்ப எடுக்காதேயும். அவளுக்காவது இருக்கட்டும்.' நான் கேட்டது அவ்வளவுதான். அழகான ஜெபம் இல்லை. ஆனால் நோய் வந்தபின் நான் செய்த ஜெபங்களில் யாரோ கேட்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது அது ஒன்றில்தான். எதுவும் பதில் வரவில்லை. வெளிச்சம் எதுவும் வரவில்லை. தனியாக இல்லை என்று மட்டும் தெரிந்தது. என் விசுவாசம் என்று நான் சொல்வது இன்றுவரைக்கும் அவ்வளவுதான். அது போதுமாகவும் இருக்கிறது.

அக்கா சில நாட்கள் வார்டில் கிடந்தாள். செய்த கண்ணில் கட்டு, மற்றக் கண்ணில் புரை. ஆகவே அவளுக்கு ஒன்றும் தெரியாது. வேலை முடிந்ததும் நான் போய் அவள் பக்கத்தில் உட்காருவேன். ஒருநாள் தேத்தண்ணிக் கோப்பையைத் தேடித் தட்டிவிட்டாள்.

"அப்புடி தேடாதக்கா. கைய மேசையோட தேச்சுக்கிட்டே கொண்டு போ. வெளிம்பு தட்டுப்படும்."

அவள் அப்படியே செய்தாள். கோப்பை கிடைத்தது. குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"நீ இப்புடித்தான் பண்றியா?"

"இன்னும் இல்ல. பழகிக்கிறேன்."

அக்கா கோப்பையை மேசையில் தடவி வைத்தாள்.

"சபையில சொன்னியே. நெசமாவே எம்மேல பொறாமப்பட்டியா?"

"பட்டேன்."

"இப்ப?"

"இப்பவுந்தான்."

"சரி, பட்டுக்க" என்றாள் அக்கா. "ஆனா பக்கத்துலயே இருந்துக்கிட்டு படு. எங்கயும் போயிறாத."

அவள் கண் பிழைத்தது. முதல் காலையில் வந்த அளவுக்கு வரவில்லை. ஓரத்தில் ஒரு மங்கல் நிற்கிறது. ஆனாலும் நடக்கிறாள், சமைக்கிறாள், பெரிய எழுத்து வேதாகமம் வாசிக்கிறாள். பிறகு மற்றக் கண்ணுக்கும் செய்து, அது நன்றாக வந்தது. இரண்டாம் தடவை கட்டு அவிழ்த்தபோது எனக்குள் எரியவில்லை என்று சொன்னால் அது பொய். எரிந்தது. ஆனால் நான் வெளியே ஓடவில்லை. நின்றேன்.

அதன்பின் டொக்டரிடம் நானே கேட்டு ஒரு வேலை வாங்கிக்கொண்டேன். 'போனது திரும்பாது' என்று அவர் சொல்லும் ஆட்களோடு உட்காரும் வேலை. அதற்கு அதுவரை ஆளே இருந்ததில்லை. பார்வை வந்தவர்களைச் சுற்றித்தான் எல்லோரும் நிற்போம். வராதவர்கள் தாங்களாகவே எழுந்து கதவைத் தேடிப் போய்விடுவார்கள். நானும் அவர்களைப் போகவிட்டவள்தான்.

மொனராகலைப் பக்கம் கரும்பு லொறி ஓட்டிய ஒருவர் வந்தார். இனி ஓட்டவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். என் முன்னால் உட்கார்ந்து மேசையைத் தட்டினார்.

"என்னா மிஸ்ஸி, நீங்களும் கடவுளுக்கு நன்றி சொல்லச் சொல்லுவீங்களா? மிச்சம் இருக்குறதுக்கு சந்தோஷப்படச் சொல்லுவீங்களா? வீட்டுல எல்லாரும் அதத்தான் சொல்றாங்க."

"இல்லீங்க. நான் சொல்ல மாட்டேன்."

"உங்களுக்கு என்னா தெரியும்?"

"எனக்கும் இதேதாங்க."

அவர் தட்டுவது நின்றது. குரலை இறக்கி, "ரோட்டுல யாராச்சும் லொறி ஓட்டிக்கிட்டு போற சத்தம் கேட்டாலே அவன அடிக்கணும் போல இருக்கு. அது பாவமா?" என்று கேட்டார்.

"எனக்கு எங்க அக்காவ பாத்தா அப்புடி இருக்குங்க" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். நானும். அதற்குப் பிறகுதான் மருந்து நேரத்தைப் பற்றிப் பேச முடிந்தது. ஒழுங்காக மருந்து விட்டார். மிச்சம் இருந்ததை வெகுகாலம் காப்பாற்றினார்.

நன்றி சொல் என்று யாரிடமும் சொல்லாதீர்கள், பிள்ளைகளே. அது உள்ளே தானாக ஊறவேண்டும். ஊறும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பது உங்கள் வேலை. அப்புறம், உங்கள் மனசு சுத்தமாகட்டும், பிறகு நல்லதைச் செய்வோம் என்றும் காத்திருக்காதீர்கள். மனசு எப்படிக் கிடந்தாலும் கை செய்ய வேண்டியதைச் செய்யலாம். அன்றைக்கு என் மனசு சரியாகட்டும் என்று நான் காத்திருந்தால் அக்காவின் கண் இருந்திருக்காது.

இப்போது மாதம் ஒரு தடவை என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிவருவது அக்காதான். ஓய்வு எடுத்தபின் அவளோடுதான் இருக்கிறேன். போன வாரமும் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வந்தோம். ஜன்னல் சீட்டை அவளே பிடித்துக்கொண்டாள், எனக்கெதற்கு ஜன்னல்.

"வெளியில என்னாக்கா தெரியுது?" என்று கேட்டேன்.

"என்னா தெரியும். மலைதான்."

"எப்புடி இருக்கு?"

"மலை மாதிரித்தான் இருக்கு."

ஆண்டவரே, போயும் போயும் இவளுக்கா கண்ணைக் கொடுத்தீர் என்று எனக்கு வயிறு எரிந்தது. அந்த ஜன்னல் என்னிடம் இருந்தால் நான் எப்படிப் பார்ப்பேன்! ஒவ்வொரு கொழுந்து மலையும் ஒவ்வொரு பச்சை. மழைக்கு முன் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று.

நான் பேசாமல் இருந்தது அவளுக்கு உறுத்தியிருக்க வேண்டும். முழங்கையால் இடித்தாள்.

"இந்தா, சொல்றேன் இரு. ரோட்டு ஓரத்துல ஒரு ஆடு படுத்திருக்கு. வெள்ளையா. நல்லா கொழுத்த ஆடு. பக்கத்துல… அட, ஆடு இல்லடி. சிமெந்து சாக்கு."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளும் சிரித்தாள். வளைவில் பஸ் சாய்ந்தபோது நான் விழாமல் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். "இவள எனக்கு குடுத்ததுக்கு நன்றி ஆண்டவரே" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்களோ என்னவோ, எனக்குத் தெரியவில்லை.